பிட் துரையின் பாதிக் கதை: சென்னையில் வரலாற்று நடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கோட்டையிலும் ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் முப்பது நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு நடக்கிறீர்கள். வெயில் ஏறுவதற்குள் முந்நூறு வருடக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். உங்கள் நடைகளில் நான் பலமுறை வந்திருக்கிறேன். நான் வியாசர்பாடியில் பிறந்தவன். என் ஊருக்கு ஒரு வரலாறு உண்டு என்பதையே உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தின் முன்னால் நின்று எலிஹு யேல் கதையைச் சொல்லும்போது நீங்கள் அதை முழுதாகச் சொல்கிறீர்கள். அவர் இங்கே ஆளுநராக இருந்தார், இங்கே பணம் சேர்த்தார், 1718-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குச் சரக்கும் புத்தகமும் அனுப்பினார், அந்தக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது என்று கடைசி வரை சொல்கிறீர்கள். கேட்பவர்கள் முகத்தில் ஓர் ஆச்சரியம் வரும். அப்புறம் தாமஸ் பிட் வருவார். 1698 முதல் 1709 வரை பதினொரு வருடம் ஆளுநர், முகலாயப் படைத்தலைவர் தாவூத் கானின் முற்றுகை, ஒரு பெரிய வைரம், ஊருக்குக் கப்பல் ஏறினார். அதோடு சரி. அடுத்த இடத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவோம்.

பிட் கதை கப்பலோடு முடியவில்லை. அதன் பெரும்பகுதி இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், லாஸ்ட்வித்தியல் என்ற சிற்றூரிலிருந்து சில மைல் தூரத்தில் ஒரு மாளிகையில் நடந்தது. பொக்கானக் என்று பெயர். வேலை நிமித்தமாகச் சில வருடங்களாக நான் பிளிமத்தில் இருக்கிறேன். இங்கிருந்து டேமர் ஆற்றைத் தாண்டிப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். வசந்த காலத்தில் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களோடு நானும் போனேன். போய் வந்ததிலிருந்து இந்தக் கடிதம் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கோட்டை கொத்தளம் எதுவும் கற்பனை செய்யாதீர்கள். மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கு, மான்கள் மேயும் பூங்கா, மாளிகையை ஒட்டியே ஒரு சின்னத் தேவாலயம், எட்ட ஒரு மேட்டில் 123 அடி உயரக் கல்தூண். மரங்களின் பட்டையெல்லாம் சாம்பல் பச்சையாகக் கற்பாசி படிந்திருக்கும். அந்தக் கற்பாசிக்காகவே அந்தப் பூங்காவைப் பாதுகாக்கிறார்கள். கமேலியா பூத்திருந்தது. சத்தமே இல்லை. பிராட்வே நெரிசலில் வளர்ந்தவனுக்கு அந்த அமைதி கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பிட் வாங்கியபோதே அது பழைய வீடு. 1579-லிருந்து மோஹுன் குடும்பத்தின் கையில் இருந்தது. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் 1644-ல் முதலாம் சார்லஸ் மன்னர் அங்கே தங்கிப் படை நடத்தியிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் கடைசி மோஹுன் பிரபு பெரிய முரடர். கொலைக் குற்றத்துக்காக இரண்டு முறை பிரபுக்கள் சபையில் விசாரிக்கப்பட்டு இரண்டு முறையும் விடுதலையானவர். 1712 நவம்பரில் லண்டன் ஹைட் பார்க்கில் ஹாமில்டன் கோமகனோடு வாள் சண்டைக்கு இறங்கினார். இருவரும் செத்தார்கள். சொத்து விதவையின் கைக்கு வந்தது. அவரிடமிருந்துதான் 1717-ல் பிட் பொக்கானக்கை 54,000 பவுண்டுக்கு வாங்கினார்.

அந்த 54,000 பவுண்டு எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் நடையில் விடுபடுகிற பகுதி.

பிட் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. டார்செட்டில் ஒரு கிராமத்துப் பாதிரியாரின் மகன், 1653-ல் பிறந்தவர். இருபது வயதையொட்டி வங்காளக் கரைக்கு வந்து, கும்பினியின் அனுமதி இல்லாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்தார். கிழக்கிந்தியக் கும்பினிக்கு அப்படிப்பட்ட ஆட்கள் திருடர்களுக்குச் சமம். அவரைப் பிடித்து வழக்குப் போட்டு அபராதம் வாங்கினார்கள். அவர் அடங்கவில்லை. கடைசியில் வெளியே வைத்துச் சமாளிப்பதைவிட உள்ளே சேர்த்துக்கொள்வது மேல் என்று முடிவு செய்து, அவரையே சென்னைக்கு ஆளுநராக அனுப்பினார்கள். சம்பளம் சொற்பம். ஆனால் அந்தக் காலத்து ஆளுநர் சொந்த வியாபாரம் செய்துகொள்ளலாம். கிழக்கே போகிற கப்பல்களில் அவருக்கும் பங்கு இருக்கும்.

இங்கே இருந்தபோது அவர் செய்தவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். 1702-ல் தாவூத் கான் கோட்டையைச் சுற்றி வளைத்து மாதக்கணக்கில் சரக்கு வராமல் செய்தது; 1707-ல் வலங்கையார், இடங்கையார் என்ற இரண்டு சாதிப் பிரிவினரின் சண்டையில் தெருக்கள் பிரிக்கப்பட்டது; வலங்கையார் பலர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போய்விட்டது; அவர் காலத்தில் வரையப்பட்ட சென்னை வரைபடம். இன்றும் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தானே நீங்கள் தெருப் பெயர்களை ஒப்பிடுகிறீர்கள். 1708-ல் அதே தாவூத் கானிடமிருந்து ஐந்து கிராமங்களை அவர் வாங்கினார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. என் ஊர் கும்பினிக் கணக்கில் ஏறியது அவர் கையெழுத்தில்.

வைரத்துக்கு வருகிறேன். கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில் கிடைத்த கல் அது. ஜம்சந்த் என்ற வைர வியாபாரி 1701 வாக்கில் அதைக் கோட்டைக்குக் கொண்டுவந்தார். கேட்ட விலை இரண்டு லட்சம் வராகன், அதாவது அந்தக் காலத்துப் பொன் நாணயம். பேரம் நீண்டது. முடிவில் 48,000 வராகனுக்குப் படிந்தது. பவுண்டில் இருபதாயிரத்துக்குச் சற்று மேல். பட்டை தீட்டாத கல்லின் எடை 400 காரட்டுக்கும் அதிகம். 1702-ல் மூத்த மகன் ராபர்ட் அதை எடுத்துக்கொண்டு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே இரண்டு வருடம் தீட்டினார்கள். 140 காரட் சொச்சத்தில் ஒரு கல் வந்தது.

அதை வாங்க ஆள் கிடைக்கவில்லை. அரசர்கள்தான் வாங்க முடியும், அவர்களோ போர்ச் செலவில் இருந்தார்கள். இதற்கிடையே பிட் அந்தக் கல்லை மிரட்டிப் பறித்தார் என்று பேச்சுக் கிளம்பியது. 1710-ல் ஊருக்குத் திரும்பும் வழியில் நார்வேயின் பெர்கனில் இறங்கியபோது, ஜம்சந்திடம் முறையாகப் பேரம் பேசித்தான் வாங்கினேன் என்று தன் கையால் ஒரு வாக்குமூலம் எழுதி வைத்தார். தான் செத்த பிறகும் பிள்ளைகள் தலையில் அந்தப் பழி இருக்கக்கூடாது என்ற பயம். 1717-ல் பிரான்சின் பிரதிநிதி ஆட்சியாளராக இருந்த ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு வாங்கச் சம்மதித்தார். அதே வருடம் பொக்கானக் கைமாறியது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை உரிமையோடு சொல்லிக்கொள்கிறேன். சுரங்க அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்துப் புண்ணுக்குள் அந்தக் கல்லை மறைத்துக்கொண்டு ஓடினான், கப்பல் தலைவன் ஒருவன் அவனைக் கொன்றுவிட்டுக் கல்லை ஜம்சந்துக்கு விற்றான் என்று ஒரு கதை சொல்கிறோமே, தயவுசெய்து அதைச் செய்தியாகச் சொல்லாதீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது. அந்தக் கல்லைத் தோண்டி எடுத்தவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை என்பதுதான் உண்மை. நாம் ஒரு கதையைப் புனைந்து அந்த வெற்றிடத்தை மூடிவிட்டால், அங்கே ஓர் ஆள் இருந்தார் என்பதே மறந்துபோகும்.

சரி, மாளிகைக்குத் திரும்புவோம். பிட் அதில் நெடுநாள் வாழவில்லை. பெர்க்ஷரில் சுவாலோஃபீல்ட் என்ற இன்னொரு பெரிய வீட்டையும் வாங்கியிருந்தார். 1726-ல் அங்கேதான் இறந்தார். அடுத்த வருடமே மகன் ராபர்ட்டும் போய்விட்டார். ஆனால் பிட்டுக்கு நிலம் வெறும் நிலமாக இருக்கவில்லை. சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் ஓல்டு சாரம் என்று ஒரு மண்மேடு இருக்கிறது. பழைய ஊர் அழிந்துபோய் ஆடு மேய்ந்த இடம். ஆனால் அந்தக் காலத்து விதிப்படி அந்த மேடு நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பலாம். நிலம் யாருடையதோ, அவர் சொல்கிற ஆள்தான் உறுப்பினர். பிட் சென்னைக்கு வருவதற்கு முன்பே, கும்பினியின் அனுமதி இல்லாமல் சம்பாதித்த பணத்தில் அதை வாங்கிப் போட்டிருந்தார். கார்ன்வாலும் அப்படித்தான், சின்னச் சின்ன ஊர்களெல்லாம் உறுப்பினர்களை அனுப்பிய மாவட்டம். பொக்கானக் கைக்கு வந்ததும் குடும்பத்தின் செல்வாக்கு அங்கேயும் பரவியது. 1832 சீர்திருத்தச் சட்டம் வரும் வரை ஓல்டு சாரம் இப்படியே ஓடியது.

ராபர்ட்டுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் தாமஸுக்குப் பொக்கானக் போனது. இளையவர் வில்லியமுக்குச் சொத்து பெரிதாக இல்லை. ஆனால் 1735-ல் அண்ணன் கையிலிருந்த ஓல்டு சாரம் இடம் தம்பிக்குக் கிடைத்தது. அப்படித்தான் வில்லியம் பிட் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பின்னால் ஏழாண்டுப் போரை நடத்தி, பிரெஞ்சுக்காரர்களைக் கனடாவிலும் இந்தியாவிலும் முறியடித்த அமைச்சர் அவர்தான். பிறகு பிரதமரும் ஆனார். அவருடைய மகன் இளைய வில்லியம் பிட், 1783-ல் 24 வயதில் பிரதமர்.

1784 என்று சொன்னால் உங்களுக்கு உடனே ஞாபகம் வரும். பள்ளிக்கூடப் பாடத்தில் மனப்பாடம் செய்த பிட் இந்தியச் சட்டம். கும்பினியை லண்டன் அரசின் கட்டுப்பாட்டு வாரியத்தின் கீழ் கொண்டுவந்த சட்டம். அந்தப் பெயரில் இருக்கிற பிட், நம் கோட்டையில் உட்கார்ந்து ஜம்சந்தோடு பேரம் பேசியவரின் கொள்ளுப்பேரன். எட்டாம் வகுப்பில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. உங்கள் நடையிலும் கேட்டதில்லை.

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். அதே 1784-ல் இளைய பிட், பொக்கானக்கில் இருந்த தன் பெரியப்பா மகனுக்கு (அவர் பெயரும் தாமஸ்தான்) கேமல்ஃபோர்ட் பிரபு என்ற பட்டத்தை வாங்கித் தந்தார். இந்தத் தாமஸ் கலை ரசனை உள்ளவர். கட்டடக்கலை தெரிந்தவர். பொக்கானக்கைத் தன் கையால் மாற்றிக் கட்டினார். மேட்டில் நிற்கிற அந்தக் கல்தூண் 1771-ல் அவர் எழுப்பியதுதான். கார்ன்வால் மண்ணில் வெள்ளைக் களிமண் கிடைப்பதைக் கண்டுபிடித்த வில்லியம் குக்வொர்தி சீனத்தைப் போலப் பீங்கான் செய்ய முயன்றபோது அவருக்குத் துணை நின்றவரும் இவர். இவர் நிலத்திலும் அந்தக் களிமண் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்த ஆள் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் இவரைச் சொல்வேன்.

அவர் மகன் அப்படி இல்லை. இரண்டாம் கேமல்ஃபோர்ட் பிரபு பொக்கானக்கில் 1775-ல் பிறந்தவர். வான்கூவர் என்ற கடற்படைத் தலைவரின் உலகப் பயணக் கப்பலில் போய், ஒழுங்கு மீறியதற்காகக் கசையடி பட்டு, பாதி வழியில் இறக்கிவிடப்பட்டார். ஊர் திரும்பி, வான்கூவரை லண்டன் தெருவிலேயே அடித்தார். ஆன்டிகுவாவில் சக அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்று, ராணுவ விசாரணையில் தப்பினார். 1804 மார்ச்சில் தன் நண்பரோடு துப்பாக்கிச் சண்டைக்குப் போய் 29 வயதில் செத்தார். மோஹுன் பிரபுவின் முடிவும் இந்த முடிவும் ஒன்றுபோல இருப்பதைப் பார்த்து, வீட்டு ராசி என்று நம் ஊரில் சொல்லியிருப்பார்கள். பிள்ளை இல்லை. பட்டம் அவரோடு போனது. மாளிகை அக்கா ஆனுக்கு வந்தது.

ஆனின் கணவர் வில்லியம் கிரென்வில். இளைய பிட்டுக்குத் தாய்மாமன் மகன். அவரும் பின்னால் பிரதமர். 1807-ல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த சட்டம் நிறைவேறியது அவர் ஆட்சியில்தான். அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. ஆனால் நமக்குத் தேவையான செய்தி வேறு. 1790 முதல் 1793 வரை அந்த இந்தியக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்தவர் இந்த கிரென்வில். அந்த வருடங்களில் தான் திப்பு சுல்தானோடு மூன்றாம் மைசூர்ப் போர். 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல்லும் பாரமகாலும் கும்பினிக்குப் போயின. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் திண்டுக்கல்லிலும் உழுதவர்கள் யாருக்கு வரி கட்டுவது என்பது மாறியபோது, லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் பொக்கானக் வீட்டு மாப்பிள்ளை.

நண்பர்களே, நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சென்னையில் சேர்ந்த பணம் நிலமானது, நிலம் ஓட்டானது, ஓட்டு அதிகாரமானது, அதிகாரம் சுற்றிக்கொண்டு மறுபடி நம் ஊருக்கே வந்தது. வைரம் ஒன்றால்தான் இதெல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இளைய பிட்டின் அறிவும் உழைப்பும் அவருடையவை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நாடாளுமன்றத்தின் வாசலைத் திறந்துவிட்ட சாவி இந்தியக் கரையில் செய்யப்பட்டது. பிட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தால், கேட்பவர்களுக்கு அவர் வைரம் வாங்கிய ஒரு விசித்திர துரையாக மட்டும் நின்றுவிடுவார்.

பொக்கானக்கில் இன்று இருப்பவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதையும் எழுத வேண்டும். ஆன் 1864 வரை வாழ்ந்தார், 91 வயதைக் கடந்து. அவருக்குப் பிறகு கணவர் வழிச் சொந்தமான ஃபோர்டெஸ்க்யூ குடும்பத்துக்கு வீடு போனது. இன்றும் அவர்களுடையதுதான். 1969-லிருந்து முப்பது வருடத்துக்கு மேல் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. முதலாம் கேமல்ஃபோர்ட் பிரபு சேர்த்துக் கட்டிய தெற்குப் பகுதி இடிக்கப்பட்டுவிட்டது. மிச்சமும் விழுந்திருக்கும். அந்தக் குடும்பம் பிடிவாதமாக வேலை பார்த்து, 2012-ல் மாளிகையை மறுபடி வாழும் வீடாக்கியது. அந்தப் புதுப்பிப்புக்கு அந்த வருடம் விருதும் கிடைத்தது. பாழடைந்த வீட்டைக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எத்தனை கட்டடங்களுக்காக மனு எழுதித் தோற்றிருக்கிறீர்கள்.

இனி என் வேண்டுகோள். கோட்டையில் பிட் பெயர் வரும் இடத்தில் பத்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். அந்தப் பழைய வரைபடத்தின் நகலோடு பொக்கானக்கின் படம் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 48,000 வராகன், 1,35,000 பவுண்டு, 54,000 பவுண்டு என்ற மூன்று எண்களையும் வரிசையாகச் சொல்லுங்கள். பிறகு ஓல்டு சாரம், பிறகு 1784. பள்ளிப் பிள்ளைகள் வருகிற நடையாக இருந்தால் இதை அவசியம் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் தனியாகத் தொங்குகிற அந்தச் சட்டத்துக்கு ஒரு தாத்தா இருந்தார், அவர் இதே கோட்டையில் நடமாடினார் என்று தெரிந்தால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பிட் காலத்துக் கோட்டை நிர்வாகத்தின் ஆலோசனைக் குறிப்புகள் அச்சுப் புத்தகமாகவே இருக்கின்றன. உங்களில் நேரம் கிடைப்பவர்கள் 1698 முதல் 1709 வரையிலான பகுதிகளைப் படித்து, அதில் வருகிற நம் ஊர் வியாபாரிகள், துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்கள், வண்ணார், படகோட்டிகள் பற்றிய செய்திகளைத் தமிழில் ஒரு சிறு புத்தகமாகக் கொண்டுவர முடியுமா? பிட் எழுதிய கடிதங்களை ஆங்கிலேயர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எதிர்ப் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றிக் கிடைக்கிற கொஞ்சத்தையாவது நாம் எடுத்து வைப்போம். வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு வழியாகவும் ஒரு நடை வையுங்கள். அங்கே பார்ப்பதற்குக் கட்டடம் இல்லை என்று நீங்கள் தயங்குவது தெரியும். 1708-ல் கைமாறிய ஊர்கள் இவை என்று அந்த மண்ணில் நின்று சொன்னாலே போதும், எங்கள் பிள்ளைகள் கேட்பார்கள்.

மான் பூங்கா, தேவாலயம், கல்தூண் மூன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் அனுப்புகிறேன். அடுத்த ஜனவரியில் ஊருக்கு வருவேன். ஐந்து கிராம நடை நடந்தால் வியாசர்பாடியில் பேசுவதற்கு நான் தயார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் காபி எங்கள் வீட்டில்.

அன்புடன்,
வியாசர்பாடியில் பிறந்து பிளிமத்தில் வசிக்கும் உங்கள் நடைத் தோழன்